போகாத நீலம்

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எனக்குக் கனவு அதிகம். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தால் போதும், கண் முழுதாக மூடும் முன்பே ஏதாவது ஓடத் தொடங்கிவிடும். நாலாவது பிள்ளையைச் சுமந்த மாதங்களில் வந்ததெல்லாம் நீலம். நீலத் தண்ணீரில் மல்லாந்து மிதப்பேன். எங்கள் தெருவில் நீல ஆடுகள் வரிசையாகப் போகும். திடுக்கிட்டு எழுந்தால் சிவகாசி வெயில் வெள்ளை வெளேரென்று அடித்துக்கொண்டிருக்கும். எழுப்பியது யார் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இந்த நீலத்துக்குக் காரணம் என் வீட்டுக்காரர்தான் என்று நினைத்தேன். அவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நிற மருந்து கலக்கிறவர். பச்சையும் சிவப்பும் அவர் சொன்னபடி கேட்கும். நீலம் மட்டும் பிடிகொடுக்காது. புதுக் கலவை செய்தால் சாயங்காலம் பொட்டலில் சாம்பிள் கொளுத்திப் பார்ப்பார்கள். மேலே போய் விரியும்போது வெளிறிய சாம்பல் நிறமாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் நீலம் வரலை" என்பார். பஸ்ஸில் வரவேண்டிய சொந்தக்காரர் வரவில்லை என்கிற மாதிரிதான் சொல்வார்.

எங்களுக்கு மூத்தது பெண். அவளுக்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு பேருமே நல்ல எடையோடு, நல்ல அழுகையோடுதான் பிறந்தார்கள். பிறந்த வாரத்துக்குள் கண்ணின் வெள்ளை மஞ்சளானது. அப்புறம் முகம், வயிறு, கடைசியில் உள்ளங்கால். பால் குடிப்பதையே மறந்து தூங்கினார்கள். தூங்கியபடியே போய்விட்டார்கள். முதல் பையனுக்கு அழுதேன். இரண்டாவது பையனுக்கு அழக்கூட இல்லை, ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, "அவ ஆத்தா வீட்டு வாகு அப்படி, ஆம்பளைப் பிள்ளை தங்காது" என்று வாசலில் செருப்புத் தேடும்போது பேசிக்கொண்டு போனார்கள்.

அது பொய்யும் இல்லை. என் அம்மாவுக்கும் ஒரு பையன் அப்படித்தான் போயிருந்தான். அம்மாவின் உடன்பிறந்த ஒருவரும் பச்சைப் பிள்ளையாகவே போனவர். ஆனால் எங்கள் வட்டாரத்தில் இதற்கு வேறொரு காரணம் சொல்வார்கள். "கந்தகம் இறங்கிருச்சு" என்பார்கள். கந்தகம் மஞ்சள், பிள்ளையும் மஞ்சள். தீப்பெட்டி ஆபீசிலோ பட்டாசுக் கம்பெனியிலோ வேலை பார்க்காதவர் இல்லாத வீடு ஏது? அப்பன் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வரும் மருந்து பிள்ளையின் இளம் தோலுக்குள் இறங்கிவிடுகிறது என்று எல்லோருமே நம்பினோம். நானும் நம்பினேன். கண்ணுக்குத் தெரிகிற காரணம் கையில் இருக்கும்போது தெரியாத காரணத்தை யார் தேடப்போகிறார்கள்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அம்மாவின் வீடு. என் பிள்ளைகள் மூன்றும் அங்கேதான் பிறந்தன. அப்பா தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலையில் இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டிக் காலம் தள்ளினாள். தன் பையன் போனது அப்பாவின் கையில் இருந்த மருந்தால்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அதனால், பேரப்பிள்ளைகளுக்கென்று ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தாள். தன் கல்யாணப் பட்டுச் சேலையைக் கிழித்துத் தைத்த துணிகள், பூப்போன்ற பழைய மல் துணிகள், தலைக்கு ஒரு குல்லாய். பூச்சி அரிக்காமல் இருக்கக் கை நிறையப் பாச்சை உருண்டைகள். பெட்டியைத் திறந்தால் அந்த வெள்ளை வாசம் மூக்கைத் துளைக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வாசம் பிடிக்கும், பத்திரமான வாசம் என்று தோன்றும்.

அந்தத் துணிகளை அவள் துவைக்க விடமாட்டாள். துவைத்தால் வெளியே கொடியில் காயப்போட வேண்டும், காயப்போட்டால் மருந்துக் காற்று பட்டுவிடும். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பிள்ளையைச் சுற்றுவாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, தலைக்குக் குல்லாய். ஜன்னலைச் சாத்திவிடுவாள். என் வீட்டுக்காரர் சிவகாசியிலிருந்து பஸ் பிடித்து வருவார். முற்றத்துக் குழாயடியில் சீயக்காய் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார். தேய்த்த பிறகும் உள்ளே வரமாட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று எட்டிப் பார்ப்பார். இரண்டு பையன்களையும் அவர் தொட்டது, அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோதுதான்.



நாலாவது பிள்ளை வயிற்றில் தங்கியபோது அம்மா இருக்கன்குடிக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். பெட்டிக்குப் புது உருண்டைகள் வாங்கிப் போட்டாள். நான் பெண்பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று எல்லாத் தெய்வத்திடமும் மன்றாடிக்கொண்டிருந்தேன். பையன் என்றால் எனக்கு இன்னொரு முறை தாங்காது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாமாவின் மலேரியாக் கூத்து நடந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அந்த வீட்டில் பிழைத்துக் கிடந்த ஒரே ஆம்பளை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை. அறுபதுகளின் ஆரம்பம் அது. மலேரியாவை ஒழிக்கிறோம் என்று வீடு வீடாக ஆட்கள் வந்து காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாமா வாங்கி விழுங்கினார். காய்ச்சல் நின்றது. ஆனால் ஒன்றுக்குப் போனது கடுங்காப்பி நிறத்தில். உடம்பு வெளுத்து, கண் மஞ்சளாகி, எழுந்து நிற்க முடியவில்லை. மாமா பயப்படவே இல்லை.

"காலண்டர் மை ஏறிருச்சுத்தா. சீசன்ல ரெண்டு ஷிப்டு பாத்தேன்ல. கறுப்பு மைதான் எறங்குது. இன்னும் செகப்பு, பச்சை எல்லாம் எறங்கும் பாரு" என்றார் என்னிடம்.

கந்தகத்தை நம்பிய நாங்கள் மையையும் நம்பியிருப்போம். பிரஸ் முதலாளிதான் பயந்துபோய் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார். அங்கே ஒரு டாக்டரம்மா. வைத்தியம் பார்ப்பதோடு, பரம்பரையாக ரத்தத்தில் வரும் குறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். மாத்திரை சாப்பிட்டு ஒன்றுக்குக் கறுப்பாகப் போன ஆட்களை வார்டு வார்டாகத் தேடிக்கொண்டிருந்தாராம். மாமாவுக்கு ரத்தம் ஏற்றித் தேற்றிவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒங்க வீட்ல வேற ஆம்பளைங்க யாருக்காவது மஞ்சளா வந்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார். மாமாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். எங்கள் வீட்டுச் சாவு முழுவதையும் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா வரப்போவதை மாமா சொல்லியனுப்ப, நாங்கள் எல்லோரும் அம்மா வீட்டில் கூடியிருந்தோம். ஒரு காலையில் விருதுநகர் சந்துக்குள் ஜீப் வந்து நின்றது. டாக்டரம்மா ஒல்லியாக, கதர்ச் சேலையில், கழுத்தில் சின்னச் சிலுவையோடு இறங்கினார். கையில் ஒரு மரப்பெட்டி. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அம்மா, "வாங்கம்மா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டதும், "இன்னும் இல்லம்மா, என்ன வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பழைய சோறும் துவையலும் சாப்பிட்டார். அம்மாவுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. செத்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வந்தவர் இவ்வளவு ருசித்துச் சாப்பிட வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது.

சாப்பிட்டு முடித்தவர், யார் யாருக்கு யார் யார் பிறந்தார்கள் என்று கேட்டுத் தாளில் கட்டமும் வட்டமுமாகப் போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அம்மாவுக்கு அது புரியவில்லை. டாக்டரம்மா சுற்றிலும் பார்த்தார். ஒட்டி முடித்த தீப்பெட்டிகள் மூலையில் குவிந்து கிடந்தன. "ஒங்க வளையலக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க" என்றார் என்னிடம். பிறகு தரையில் வைத்துக் காட்டத் தொடங்கினார். ஆம்பளைக்குத் தீப்பெட்டி, பொம்பளைக்கு வளையல். மேலே என் பாட்டனும் பாட்டியும், கீழே அம்மா, மாமா, போனவர். அதற்குக் கீழே நான், என் தங்கச்சி, போன தம்பி. அதற்கும் கீழே என் மகளும் என் பையன்களும். மஞ்சளானவர்களுக்குத் தீப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். மாமாவையும் கவிழ்த்தார்.

"நான் உசுரோடதானம்மா இருக்கேன்" என்றார் மாமா.

"இருங்க, இருங்க. ஒங்களாலதான் இங்கன வந்தேன்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

நான் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் விழுந்து கண்ணாடி வளையல்களின் பச்சை நிழல் தரையில் நடுங்கியது. வளையலிலிருந்து வளையலுக்குப் போகிறது, தீப்பெட்டிதான் கவிழ்கிறது. யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. புரிந்ததும் சுள்ளென்று வந்தது.

"அப்ப ஊர்ல சொன்னது சரிதான். எங்களாலதான் சாகுதுன்னு நீங்களும் சொல்ல வந்திருக்கீக."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்ல. ஒங்க மூலமா வருது. ஒங்களால இல்ல. ஒங்க கண்ணு ஒங்கம்மா கண்ணு மாதிரி இருக்குல்ல, அதுக்கு நீங்க என்ன செஞ்சீக?" என்றார். ரத்தத்திலுள்ள சின்னச் சின்ன அணுக்களுக்கு ஒரு காவல் உண்டாம். எங்கள் வீட்டு ஆண்களில் சிலருக்கு அந்தக் காவல் குறைச்சல். சும்மா இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகாத ஏதாவது ஒன்று உள்ளே போனால் அணுக்கள் உடைந்துவிடும். மாமாவுக்கு மாத்திரை. பிள்ளைகளுக்கு எது என்றுதான் தெரியவேண்டும்.

வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர் அதுவரை கதவோரம்தான் நின்றார். "உரசாத வரைக்கும் குச்சிக்கு ஒண்ணுமில்ல. அப்படித்தானம்மா?" என்று கேட்டார். டாக்டரம்மா, "அதேதான். எதுல உரசுதுன்னுதான் தேடுறேன்" என்றார்.

எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். ஜீப் டிரைவருக்கும் எடுத்தார், ஒத்துப்பார்ப்பதற்காம். ஒல்லியான கண்ணாடிக் குழாய்களில் ரத்தத்தை விட்டு ஒரு நீலச் சாயம் சேர்த்தார். காவல் இருக்கிற ரத்தம் நீலத்தைப் போக்கிவிடுமாம், காவல் குறைந்த ரத்தத்தில் அது அப்படியே நிற்குமாம். மேலே கொஞ்சம் எண்ணெய். அம்மாவின் பித்தளை அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி அதில் நிறுத்தினார். எல்லாக் குழாயும் ஒரே நீலம். நான் கனவில் மிதந்த அதே நீலம். அண்டாவின் அருகிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். வெளியே வத்தல் மூட்டைகள் ஏற்றுகிறவர்கள் தும்மிக்கொண்டே லோடு எண்ணும் சத்தம். பிள்ளை வயிற்றுக்குள் புரண்டது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. குழாய்களில் நீலம் மெல்ல மெல்ல வடிந்து, உள்ளேயிருந்து சிவப்பு எழுந்து வந்தது. முதலில் டிரைவருக்கு, அடுத்து என் வீட்டுக்காரருக்கு. "எனக்கு நீலமே நிக்காது. ரத்தத்துலகூட நிக்கல" என்று அவர் சொன்னார். எனக்கும் அம்மாவுக்கும் ரொம்ப நேரம் இழுத்துக்கொண்டு கிடந்து, கலங்கின மாதிரி மாறியது. பொழுது சாயும்போது எல்லாம் சிவந்திருந்தன. மாமாவின் குழாய் மட்டும் நீலமாகவே நின்றது.

காத்திருந்த நேரத்தில் டாக்டரம்மா அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளைக்கு என்ன எண்ணெய் தடவுவீர்கள், நாக்கில் என்ன வைப்பீர்கள், குளிப்பாட்டும் தண்ணீரில் என்ன போடுவீர்கள். பிறகு, எதில் படுக்கவைப்பீர்கள் என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தகரப் பெட்டியை இழுத்து வந்து நடுவில் வைத்தாள். "மருந்து வாடையே படாத துணிம்மா. துவைக்கக்கூட மாட்டேன். அப்படியே எடுத்துச் சுத்துறதுதான்" என்று மூடியைத் திறந்தாள்.

அந்த வாசம் கூடத்தை நிறைத்தது. டாக்டரம்மா நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். ஒரு உருண்டையை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். "நல்லாப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீகம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஜீப் வரைக்கும் நான் கூடப் போனேன். டாக்டரம்மா ஏறாமல் நின்றார். சில வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இப்படிக் கண்டிருக்கிறார்களாம். பாச்சை உருண்டையில் கிடந்த துணியைச் சுற்றினால் அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகுமாம். காவல் குறைந்த பிள்ளைக்கு அதுதான் உரசல். "சத்தியமா இதுதான்னு என்னால சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்குத் தானாவும் வரும். ஆனா இந்தப் பிள்ளைக்கு அந்தப் பெட்டி வேண்டாம். ஒங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை" என்றார்.

"நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? திரும்பி உள்ளே வந்தபோது அம்மா துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். எனக்கு அவள்மீது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்றுதான் இருந்தது. அழுதால் ஏன் என்று கேட்பாளே என்று குழாயடிக்குப் போய்விட்டேன்.

பிரசவம் விருதுநகர் ஆஸ்பத்திரியில். டாக்டரம்மா முன்பே சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். பிறந்தது பையன். நர்ஸ் சொன்னதும் ஐயோ என்றுதான் வாயில் வந்தது. அதைக் கேட்டு அந்த நர்ஸ் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா துணிப்பையோடு உள்ளே வந்தாள். பைக்குள் பட்டுத் துணி. அவள் கட்டிலை நெருங்கும் முன்பே வாசம் வந்துவிட்டது. நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அது வேண்டாம்மா. அவுக வேட்டியக் கொண்டாரச் சொல்லியிருக்கேன்."

"யாரு வேட்டிய?"

"இவன் அப்பா வேட்டிய. டாக்டரம்மா சொல்லிட்டாக. பட்டு ஆகாதாம். பழகின நூல் வேட்டிதான் ஆகுமாம்."

"ஏட்டி, கந்தக வேட்டியையா சுத்தப்போற? ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு பிள்ளையக் குடுத்தது பத்தாதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உண்மை விழுந்துவிடும். அம்மா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் வந்தார். வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த வேட்டி. பிள்ளையை எடுங்கள் என்றேன். "இந்தக் கையாலயா?" என்று கேட்டார். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எடுத்தார். எடுத்தவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. மருந்துச் சட்டியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றார். பெண்பிள்ளைக்குக்கூட நடக்கத் தெரிந்த பிறகுதான் அவர் கை கொடுத்தார். பச்சைப் பிள்ளையை உயிரோடு தூக்கியது அதுதான் முதல் தடவை. அழுதார். நானும் அழுதேன்.

டாக்டரம்மா மதுரையிலிருந்து வந்து பிள்ளையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார். ஜன்னல் திண்டில் வெந்நீர்ப் பாத்திரம், அதில் ஒரே ஒரு குழாய். நான் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வந்து வந்து போனது. ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் நீலம். மத்தியானம் நீலம். சாயங்காலமும் நீலம். டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.  மாமாவின் குழாய் மாதிரியே.

பிறகு அவன் கண் மஞ்சளானது. முகம் மஞ்சளானது. காலையில் இளவெயிலில் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். உள்ளங்காலுக்கு வந்தால் உடனே மதுரைக்குக் கொண்டு வரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், ஜீப்பையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். விடிந்ததும் நான் அவன் உள்ளங்காலைத்தான் பார்ப்பேன். சிவந்த சின்னக் கால். மஞ்சள் வயிறு வரைக்கும் வந்து நின்றது. அங்கேயே நின்றது. ஒரு நாள் பாலுக்கு வீறிட்டு அழுதான். அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி முகம் சுளித்தாள். எனக்கு இன்னும் கொஞ்சம் அழு ராசா என்று இருந்தது. அதற்குப் பிறகு மஞ்சள் மெல்ல மறைந்துவிட்டது.

"நான் தேடின நீலத்தைப் பூரா இவன் ரத்தத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான்" என்பார் என் வீட்டுக்காரர். பொட்டலில் அவருக்கு நீலம் அப்புறமும் சரியாக வரவில்லை. அதைப் பற்றிப் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்.

அம்மா மட்டும் பிள்ளையைத் தொடவில்லை. எனக்குப் பத்தியக் குழம்பு வைத்தாள், வெந்நீர் ஊற்றினாள், மகளுக்குத் தலை பின்னினாள், எல்லாம் செய்தாள். பையனைத் தூக்கச் சொன்னால், "கை வேலையா இருக்கு" என்பாள். அவன் தவழ்ந்து அவள் பக்கம் போனால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். ஒட்டிய தீப்பெட்டி ஒன்றைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிடுவாள். தன் துணியைத் தள்ளினேன் என்ற ரோஷம் என்று நினைத்தேன். உயிரோடு ஒரு பேரன் கிடைத்திருக்கிறான், தொட மனசு வரவில்லையா என்று உள்ளுக்குள் கொதித்தேன். விருதுநகருக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

அவன் நன்றாக ஓடி விளையாடுகிற வயதில் என் தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். அந்தச் செய்தி வந்ததும் எனக்குத் தகரப் பெட்டி ஞாபகம்தான் வந்தது. இத்தனை நாள் சொல்லாமல் விட்டதை இன்று சொல்லியே ஆகவேண்டும். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

போனபோது தங்கச்சி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். முற்றத்துக் கொடி முழுக்கப் பிள்ளைத் துணிகள். பட்டு இல்லை. எல்லாம் நூல் துணி, துவைத்துத் துவைத்து நைந்தவை, வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. அம்மா குத்தவைத்துத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டி சுவரோரம். போய் மூடியைத் திறந்தேன். உள்ளே காய்ந்த நொச்சி இலை. பச்சை வாசம். ஒரு உருண்டைகூட இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"டாக்டரம்மா வந்து சொன்னாகளாம்மா?"

"யாரும் சொல்லலை. அன்னைக்குப் பெட்டியத் தொறந்தப்ப அந்தம்மா மொகம் போன போக்க நான் பாக்கலைன்னா நெனச்ச? அப்ப வெளங்கலை. நீ வந்து பட்டு ஆகாதுன்னு சொன்ன பாத்தியா, அப்ப வெளங்கிருச்சு. ஒனக்குப் பொய் சொல்ல வராதுட்டி. சின்னப் பிள்ளையிலருந்தே வராது."

"எல்லாத்துக்கும் அதுதான் காரணம்னு அவுக சொல்லலைம்மா. தானாவும் வருமாம்."

"வரும், வரும்" என்றாள். பெட்டியை ஒட்டிக் கீழே வைத்தாள். இன்னொன்றை எடுக்கவில்லை. "நான்தானட்டி பொதிஞ்சு பொதிஞ்சு குடுத்தேன். ஒன் பிள்ளைகளையும். ஒன் தம்பியையும் அதுலதான் போட்டிருந்தேன். ஒங்கப்பாவக் கிட்டயே விடலை. பாவம், அந்த மனுசன் எம்புட்டுக் கெஞ்சினாரு."

 பையன் என் கையிலிருந்து இறங்கி அவள் பக்கம் ஓடினான். வழக்கம்போல அவள் கை முந்தானைக்குள் போகப் பார்த்தது. பாதியில் நின்றது. இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள்.

"மோந்து பாரு. அந்தத் துணிய எத்தனை வருசமா எடுத்து எடுத்து வச்ச கை. அப்பலருந்து சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்க்கேன். எனக்கு இன்னும் அடிக்கிற மாதிரியே இருக்கு. அடிக்குதாட்டி?"

பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளை முகத்தோடு சேர்த்துப் பிடித்தேன். தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. பசைக்கஞ்சி வாசம். கொஞ்சம் நொச்சி.

"இல்லம்மா" என்றேன். "சத்தியமா இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறாள் என்பது தெரிந்தது. நான் பையனைத் தூக்கி அவள் மடியில் உட்கார வைத்தேன். அவனுக்குக் கண் முழுக்கத் தீப்பெட்டிகள் மேல். நழுவி இறங்கப் பார்த்தான். அம்மா விடவில்லை.